பத்தாவது விண்ணப்பம்

“இன்னிக்கு அஞ்சு மணியோட தத்துவத் துறைக்கு மூடுவிழா” என்றபடி சாப்பிட உட்கார்ந்தார் கல்லூரி முதல்வர்.

“ஏங்க?” என்றாள் மனைவி.

“பத்துப் பேர் சேர்ந்தாத்தான் வகுப்பு. ஒன்பதோட நிக்குது. சட்டம்னா சட்டம்.”

“இன்னும் ஒரே ஒருத்தர்தானே?”

“அந்த ஒருத்தர் எங்கேருந்து வருவார்? தத்துவம் சோறு போடுமா? பெத்த பிள்ளையை எந்த அப்பனாவது பாழுங்கிணத்துல தள்ளுவானா?”

அவள் இன்னும் இரண்டு இட்லிகளைப் பரிமாறினாள்.

மாலை நாலே முக்காலுக்கு அட்மிஷன் கிளார்க் மூச்சிரைக்க அவர் அறைக்குள் நுழைந்தார்.

“சார், பத்தாவது ஆள் வந்தாச்சு! நல்ல மார்க். உங்க கையெழுத்துதான் பாக்கி.”

முதல்வருக்குச் சுருக்கென்றது. “வீட்டுல தட்டிக் கேக்க ஆளே இல்லையா? பெத்தவங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நானே புத்தி சொல்றேன்.”

கிளார்க் தலையைச் சொறிந்தார். “அது வந்து… சார்…”

“பெத்தவங்க போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு சார்” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

முதல்வர் நிமிர்ந்தார். காலையில் பரிமாறிய அதே கை, பழுப்பேறிய மார்க் ஷீட்டை மேசைமேல் வைத்தது.

“நீயா? ஐம்பது வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?”

“வயசு வரம்பு உங்க சட்டத்துல இல்லை. படிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். மணியாகுது, கையெழுத்துப் போடுங்க.”

“பாழுங்கிணறுன்னு தெரிஞ்சுமா?”

“இதே படிப்பைக் கேட்டதுக்குத்தான் எங்கப்பா என்னை உங்க தலையில கட்டினார். அது அவர் தள்ளின கிணறு. இது நானே குதிக்கிற கிணறு!”