ஒரு கறை கிடைக்குமா?

தன் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும் என்று தொக்சு மனதார வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக வயல் பக்கம் போகவில்லை. வம்சப் புத்தகங்களைத் தரையில் பரப்பி, மூக்குக் கண்ணாடியோடு அவற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

"ஊர்ல எல்லாரும் பரம்பரையில பெருமையைத் தேடுவாங்க. கறையைத் தேடுற ஒரே மனுஷன் நீங்கதான்," என்றாள் மனைவி சுன்பூன். "கிம்ச்சி ஊறுகாய்ப் பானை புதைக்கக் குழி வெட்டித் தர எனக்கு ஆளில்ல."

"கறை கிடைச்சாத்தான்டி உன் பொண்ணுக்குக் கல்யாணம்."

மகள் யோன்ஹீ அடுத்த அறையில், ஏழு மாத வயிற்றோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் கீவோனுக்கும் ஒரே குடும்பப் பெயர், ஒரே பூர்வீகம். பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. கொரியாவில் அப்போது சட்டமும் அப்படித்தான் இருந்தது, எந்த அலுவலகமும் அந்தக் கல்யாணத்தைப் பதியாது. பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் இருக்காது.

கீவோன் பெரிய வீட்டுப் பேரன் என்பது கூடுதல் தலைவலி. வம்சத்தின் மூத்த வழி அவர்கள். முன்னோர் படையலில் முதல் கும்பிடு அவர்களுடையது. தாத்தா சூன்தெக்கின் கண்டிப்பு ஊரறிந்தது. மலையைக் குடைந்து சாலை போட்டபோது எல்லாரும் ஊரைக் கூட்டித் தங்கள் கல்லறைகளை மாற்றினார்கள். அவர் மட்டும் வம்சத்து மூதாதையின் கல்லறையைத் தன்னந்தனியாகத் தோண்டி மேலே கொண்டுபோனார். முன்னோர் எலும்பில் பிறர் கண் படக்கூடாது என்று நினைக்கிறார், என்ன பக்தி என்று ஊரே மெச்சியது.

அன்று மதியம் தொக்சுவுக்குக் கறை கிடைத்துவிட்டது.

பழைய பதிப்பில் ஒருவர் பெயருக்குக் கீழே 'வாரிசு இல்லாமல் இறந்தார்' என்று இருந்தது. இருபது வருடம் கழித்து வந்த பதிப்பில், செத்துப்போன அதே ஆளுக்கு நாற்பது வயதான ஒரு மகன் முளைத்திருந்தார். அந்த மகன்தான் தொக்சுவின் கொள்ளுத்தாத்தா.

வரி வசூலுக்காக எழுதிய பழைய ஊர்ப் பதிவில் அந்த வயதுக்காரர் ஒரே ஒருவர்தான். தோல்சே, பண்ணை அடிமை. அடிமைக்குக் குடும்பப் பெயர் ஏது?

அப்பா எப்போதோ சொன்னது தொக்சுவுக்கு நினைவு வந்தது. விறகு சுமந்து சுமந்து அந்தக் கொள்ளுத்தாத்தாவின் இரண்டு தோளும் காய்த்துப்போயிருந்ததாம். பாடுபட்டுச் சேர்த்த இரண்டு காளைகளையும் ஒரே நாளில் விற்றாராம். எதற்கு விற்றார் என்று மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லையாம்.

எதற்கு என்று இப்போது புரிந்தது. வெட்கம் வரவில்லை; அந்தத் தோள்களை நினைத்து அழுகைதான் வந்தது. பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்று அவர் வாங்கிய பெயர், இன்று யோன்ஹீயின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

"சுன்பூன்! நாம அடிமை வம்சம்டி!"

"என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி கத்துறீங்க. மெதுவா பேசுங்க."

யோன்ஹீ சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அப்போ கீவோன் எனக்கு அண்ணன் முறை இல்லையாப்பா?"

"ஒரு முறையும் இல்லம்மா. அவன் யாரோ, நீ யாரோ!"

பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். ஒரு கிண்ணம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"வம்சப் புத்தகத்துல பேரை அடிச்சிட்டா, நாளைக்கு நம்மளப் புதைக்க வம்சத்து மலையில இடம் தரமாட்டாங்களே," என்றாள் சுன்பூன்.

"செத்தவனுக்கு எந்த மலையா இருந்தா என்ன?"

சாயங்காலமே தொக்சு பெரிய வீட்டுக்குப் போய், சூன்தெக் முன்னால் மண்டியிட்டார்.

"பெரியப்பா, வம்சப் புத்தகத்திலேருந்து எங்க வீட்டை அடிச்சிடுங்க. நாங்க உங்க ரத்தமே இல்ல, பேரை விலைக்கு வாங்கினவங்க. வம்சச் சபை அதை எழுதிக் கொடுத்தா கோர்ட்ல மாத்திடலாம்னு வக்கீல் சொல்றாரு."

கிழவர் அதிரவில்லை. கிண்ணத்தில் அரிசிக் கள்ளை ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது.

"தெரியும். எங்கப்பா சாகறப்போ சொல்லிட்டுத்தான் போனாரு."

"தெரியுமா? தெரிஞ்சுமா என் பொண்ணை இப்படிக் கதற விட்டீங்க?"

"கத்தாத. உள்ள கீவோன் பட்டினி கிடக்கான். எனக்கு மட்டும் கல் நெஞ்சா?" கிழவர் கதவுப் பக்கம் பார்த்தார். "உன்னை அடிக்கணும்னா சபையில பழைய புத்தகத்தை எல்லாம் விரிக்கணும். ஒரு வீட்டைக் கிளறினா எல்லா வீட்டையும் கிளறுவானுங்கடா."

"கிளறட்டுமே! உங்களுக்கு என்ன பயம்? மூதாதை கல்லறையையே வச்சிருக்கிற வீடு இது."

சூன்தெக் எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குழியைத் தோண்டினப்போ உள்ள வெறும் மண்ணுதான் இருந்துச்சு. அங்க யாரையும் புதைக்கவே இல்லன்னு எனக்குத் தோண்டறதுக்கு முன்னாடியே தெரியும். அதான் ஒருத்தனையும் கூப்பிடல."

கிழவர் தொக்சுவின் தோளில் கை வைத்தார்.

"உங்க கொள்ளுத்தாத்தா ஒரு கிளையைத்தான் வாங்கினாரு, தொக்சு. எங்க தாத்தா மரத்தையே வாங்கிட்டாரு."