ஆலிஸ் மிஸ்ஸின் துணிப்பை

ஐப்பசி மழை விட்ட காலை. அடையாறு தோப்பில் இலைகள் இன்னும் சொட்டுகின்றன. "ஃபோன்ல குரல் போட்டுப் பறவையக் கூப்பிடக் கூடாது" என்று வாசலிலேயே சொல்லித்தான் ஆலிஸ் மிஸ் பறவை பார்க்க வந்த எல்லோரையும் உள்ளே அழைத்து வந்திருக்கிறார். எங்கிருந்தோ ஆறுமணிக்குருவியின் விசில் கேட்கிறது. "மிஸ் வந்தா அதுவும் வந்துடும், அவங்க ராசி அப்டி," என்று ஜைத் கேமராவைத் தூக்குகிறான். புதரிலிருந்து குருவி தத்தி வெளியே வருகிறது. பச்சை முதுகு, குங்குமச் சிவப்பில் அடிவயிறு. எந்தக் கேமராவையும் பார்க்காமல், ஈரச் சருகுகளை மிதித்து நேராக மிஸ்ஸின் காலடிக்கு வந்து, அங்கிருக்கும் துணிப்பையைப் பார்த்துக் கூவுகிறது. பைக்குள்ளிருந்து இன்னொரு குருவி பதில் சொல்கிறது. கேமராக்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. "மிஸ்," என்கிறான் ஜைத். மிஸ் குனிந்து பைக்குள் கைவிட்டு ஃபோனை அணைக்கிறார், நிமிரவில்லை. இரண்டடி விலகிய குருவி, பையைப் பார்த்தபடியே பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறது.