பன்றித்தலைக்கு முன்னால் ஒரு கிண்ணம்

கொரிய வழக்கப்படி, படத்துவக்கப் பூசை மேசையில் அவித்த பன்றித்தலை இளிக்கிறது. புருஷனுக்குக் கள்ளில் விஷம் கலந்து கொடுக்கும் மனைவியாக, சியோல் மேடையில் வருடக்கணக்காகச் சனங்களைச் சிரிக்கவைத்தவள் சுன்-ஏ. அந்த நாடகத்தைப் படமாக எடுக்கும் இயக்குநர் ப்யோ, அவள் வேடத்தை ஒரு சின்னப்பெண்ணுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். சுன்-ஏ அவனெதிரே அமர்கிறாள். மேடையில் செய்வதைப் போலவே கிண்ணத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்து, அரிசிக்கள்ளை நுரை பொங்க ஊற்றி நீட்டுகிறாள். கூட்டத்தின் பேச்சு அடங்குகிறது. மூத்தவள் ஊற்றியதை மறுக்க வழியில்லை. இரு கைகளாலும் வாங்குகிறான். கள் தளும்பி விரல்களில் வழிகிறது.

“அக்கா, இதுல ஒண்ணும்...”

“குடிடா தம்பி. பன்னி பாத்துக்கிட்டிருக்கு.”

மூத்தவர் முன் குடிக்கும் மரியாதைப்படி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை மூடிக் குடித்துவிடுகிறான். காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவள் புன்னகைக்கிறாள்.

“வெறுங்கள்ளுதான். அந்தப் பொண்ணு ஊத்தினா உன் கை இப்படி நடுங்குமாடா?”