ரிப்பேர் கடை ராக் குழு

சுற்றும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டதால், அந்த டேபிள் ஃபேனை ரிப்பேர் கடையில் கொண்டுவந்து விட்டார்கள். அலமாரியில் அதற்குப் பக்கத்தில், நேரங்கெட்ட நேரத்தில் விசிலடிக்கும் ஒரு குக்கரும், தொட்டாலே அலறும் ஒரு மிக்ஸியும் இருந்தன.

"நம்ம மூணு பேரையும் சத்தத்துக்காகத்தானே துரத்தினாங்க? பேசாம ஒரு ராக் குழு ஆரம்பிச்சுடலாம்" என்றது மிக்ஸி.

குக்கர் விசிலடித்தது; மிக்ஸி தொண்டை கிழியப் பாடியது; ஃபேன் தாளம் போட்டது. "பிரமாதம்!" என்றது மிக்ஸி. தன் கடகடப்பை ஒருவர் மெச்சுவது ஃபேனுக்கு அதுவே முதல் தடவை. கடைக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

"நம்ம பாட்டை யாராலயும் தாங்க முடியல" என்று பூரித்தது குக்கர்.

மறுநாள் கடைக்காரர் ஃபேனைப் பிரித்து எண்ணெய் விட்டு, மறையை முடுக்கிவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு வேகமாகச் சுற்றியும் ஃபேனிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. குழுவைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அது கலங்கிப்போனது.

மற்ற இரண்டும் குசுகுசுவென்று பேசிக்கொண்டன. பிறகு மிக்ஸி சொன்னது: "நீ எதிர்ல உட்காந்து தலையை மட்டும் ஆட்டு. நமக்கு அந்த ஒரு ஆள்தான் இல்லாம இருந்துச்சு."

ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையாட்டியது. அந்தக் குழுவுக்கு முதல் ஃபேன் அப்படித்தான் கிடைத்தது.