மூன்று பேரைத் தொலைத்தவள்

"நிறுத்துங்கம்மா! போதும் உங்க நாடகம்!"

அறக்கட்டளை அதிகாரி மேசையைத் தட்டிய வேகத்தில் தேநீர்க் கோப்பை துள்ளியது. நிதி கேட்கும் சங்கங்கள் அவருக்கு வைத்த பெயர் 'கத்தரி'. அவர் வந்துவிட்டுப் போனால் பாதிப் பணம் வெட்டு.

எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள் அந்த அம்மா.

பழைய ஆட்சியில் வீடு புகுந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அந்தக் குடும்பங்களின் சங்கம் அது. புது ஆட்சி அமைத்த விசாரணையில் அவர்கள் சாட்சி சொல்ல, வக்கீல் வைத்துக் கொடுக்கிறது. இன்று கத்தரி கையெழுத்துப் போடாவிட்டால் வக்கீல் இல்லை. வழக்கும் அம்போதான்.

பின்னால் ஏழெட்டுப் பெண்கள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வருஷம் சந்தைத் தெரு சங்கத்துல, வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போனாங்கன்னு அழுதீங்க. அப்புறம் மில் பக்கத்துச் சங்கத்துல தம்பியை. இன்னிக்கு மகளா? இன்னும் எத்தனை பேரைத் தொலைக்கிறதா உத்தேசம்? ஒரு அழுகைக்கு என்ன ரேட்டு?"

சங்கச் செயலாளர் குறுக்கே வந்தார். "சார், அது வந்து..."

"நீங்க பேசாதீங்க. எனக்குச் சின்ன வயசுலயே காது குத்தியாச்சு!"

அந்த அம்மா மெல்லச் சொன்னாள். "மூணும் நிஜம் சார். என்னோடது இல்ல, அவ்வளவுதான். அதோ, ஜன்னலோரமா இருக்காளே, அவ மகளைத்தான் சொன்னேன். பணம் குடுக்க வர்றவங்க எல்லாரும் நடந்ததைச் சொல்லுன்னு கேக்கறீங்க. ஒரு தடவை சொன்னா, ஒரு வாரம் படுத்த படுக்கை அவ."

"அவங்க மகள்னே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொன்னா, அவளையே பேசச் சொல்லும்பீங்க."

சுருக்கென்றது கத்தரிக்கு. ஆனாலும் இறங்கிவர மனசில்லை.

"என்ன இருந்தாலும் நடிப்பு நடிப்புதான். போன மாசம் ஆத்தோரச் சங்கத்துல ஒரு அம்மா பேசினாங்க. கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்த பையனாம். குளிப்பாட்டிக்கிட்டிருக்கும்போதே, தலையில சோப்பு நுரையோட இழுத்துட்டுப் போயிருக்காங்க. கண்ணைக் கழுவக்கூட விடலையாம். அன்னிக்குப் பூரா எனக்குச் சாப்பாடு இறங்கல. அது நிஜம்! பெத்த வயிறு பேசற பேச்சு. உங்களுக்கு வருமா அது?"

அந்த அம்மா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் கொட்டிய கண்ணீர் இப்போது ஒரு சொட்டுகூட வரவில்லை.

"வராது சார். அதனாலதான் எனக்காக அவங்க பேசினாங்க" என்றாள். "அந்தத் தலைக்குச் சோப்புப் போட்டது இந்தக் கைதான்."