பாரபட்சமில்லாத சிவப்பு மை

கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்றுவதில் பதிவாளரை மிஞ்ச ஆள் கிடையாது. பல்கலைக்கழகப் பொன்விழா மலருக்கு வந்த கட்டுரைகளை எல்லாம் அவரே சிவப்பு மையில் தணிக்கை செய்தார். ஓரவஞ்சனை கூடாதென்று, எழுதியவர் பெயரை மட்டும் தனி உறைக்குள் வைத்து ஒட்டி ஸ்டெனோ அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவரே போட்ட விதி.

ஏழாவது கட்டுரையில் அவர் முகம் கடுகடுத்தது.

“வகுப்பறையில பேச நிர்வாகத்தோட அனுமதி தேவையில்லையாம். திமிரைப் பாத்தீங்களாம்மா?”

“நல்லாத்தானே எழுதியிருக்காங்க, சார்.”

“நல்லாவா? கேள்விக்குப் பயப்படற நாற்காலி இங்க எதுக்குன்னு கேக்கறான்! உண்ட வீட்டுக்கு ரெண்டகம். சஸ்பெண்ட் ஆர்டர் அடிங்க.”

“யாருன்னு பாத்துட்டு அடிக்கலாமே, சார்?”

“பெத்த அப்பனா இருந்தாலும் எனக்கு நியாயம் ஒண்ணுதான். பேருக்கு இடம் விட்டு அடிங்க.”

ஸ்டெனோ அம்மா அடித்துக் கொடுத்தார். பதிவாளர் பெயரில்லாத உத்தரவில் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். நியாயம் என்றால் அப்படியொரு நியாயம்!

பிறகு ஸ்டெனோ அம்மா ஏழாம் உறையைப் பிரித்தார். உள்ளே மலர்க் குழுவின் குறிப்பு இருந்தது. கட்டுரை புதிதல்ல. இருபது வருடத்துக்கு முந்தைய வேலைநிறுத்தத்தில், பல்கலைக்கழக வாசலில் நின்று ஆசிரியர் சங்கத் தலைவர் முழங்கிய பேச்சு. குழு அதைத் தேடியெடுத்து அனுப்பியிருந்தது. கீழே இருந்த பெயரை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், உங்க பேருக்கு முன்னாடி ‘முனைவர்’ போடணுமா?”