திட்டினால் ஓடும் ஃபிரிட்ஜ்

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி கோமதி துபாய் போன அன்றே ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. தோசை மாவு பொங்கித் தெருமுனை வரை போய்விட்டது. போனில் சொன்னேன். "போனை ஸ்பீக்கர்ல போட்டு ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க," என்றாள். வைத்தேன். "ஏ சனியனே, நான் இல்லன்னதும் குளிர் விட்டுப் போச்சா?" ஃபிரிட்ஜ் நடுங்கி, உறுமி, ஓடத் தொடங்கியது. முட்டைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தன. தினமும் நின்றது, தினமும் திட்டினாள். நேற்று அவள் அனுப்பிய மெக்கானிக் செல்வின், கெட்டுப்போன கன்ட்ரோல் போர்டை மாற்றினார். "இனி நிக்கவே நிக்காது சார்." இன்று காலை அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போன் போட்டேன். "மறுபடியும் நின்னுடுச்சு கோமதி." "போர்டு மாத்தியாச்சுன்னு செல்வின் சொன்னாரே?" கையிலிருந்த பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மறுமுனையில் அவள் லேசாகச் சிரிப்பது கேட்டது. "சரி, உள்ள வைங்க," என்றாள்.